இறையிலியும் வாக்கும்: உள்ளாட்சித் தேர்தல்களில் வரிவிலக்கு உறுதிமொழியின் அறநிலை

முன்னுரை

குடிகளிடம் இறை கொள்ளுதலும் குடிகளைக் காத்தலும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பது தமிழ் அறநூல்களில் வேரூன்றிய கருத்தாகும். முடியாட்சிக் காலத்தில் இவ்வறம் பெரும்பாலும் கொள்வோனாகிய மன்னனை நோக்கியே உரைக்கப்பட்டது. கொடுப்போராகிய குடிகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை இல்லாதபோது அவர்களுக்கு அறம் உரைக்க வேண்டிய தேவையும் குறைவே. மக்களாட்சியில் இந்நிலை மாறியுள்ளது. இறை கொள்வோரைத் தேர்ந்தெடுப்போர் இறை கொடுப்போரே. எனவே வரியைப் பற்றிய அறக்கேள்வி ஆள்வோர், ஆளப்படுவோர் என்னும் இரு திறத்தாரையும் நோக்கி எழுகின்றது.

இக்கேள்வி மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் உள்ளாட்சித் தேர்தல் ஆகும். நடுவணரசின் வரி எங்குச் சென்று எவ்வாறு திரும்புகிறது என்பதை எளிய குடிமகன் காண இயலாது. வீட்டுவரியோ தெருவிளக்காகவும் குடிநீராகவும் குப்பை அள்ளும் வண்டியாகவும் அவன் வாயிலுக்கே திரும்புகிறது. திரும்பாதபோது அக்குறையும் அவன் கண்முன்னே நிற்கிறது. அத்தகைய வரியை நீக்குவதாகவோ குறைப்பதாகவோ கட்சிகள் உறுதி கூறி வாக்குக் கேட்பதும், அதனையொட்டி மக்கள் ஆதரவு ஒரு கட்சியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் அறத்தின்பாற்படுமா என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. சங்க இலக்கியம், திருக்குறள், இடைக்காலக் கல்வெட்டுகள் ஆகியவற்றில் காணலாகும் வரியறம் முதற்கண் தொகுத்துரைக்கப்படுகிறது. பின்னர் தில்லி, மும்பை, தமிழ்நாடு ஆகிய மூவிடங்களில் 2017 முதல் 2022 வரை நிகழ்ந்தவை அவ்வறத்தின் ஒளியில் நோக்கப்படுகின்றன.

சொற்கள் உணர்த்தும் பொருள்

‘இறை’ என்னும் சொல் தலைவனையும் கடவுளையும் குறிப்பதோடு வரியையும் குறிக்கும். கொள்வோனுக்கும் கொள்ளப்படும் பொருளுக்கும் ஒரே சொல் வழங்குவது நோக்கத்தக்கது. தலைமை என்பதே பிறர் தரும் பொருளைப் பொறுப்போடு ஏற்கும் நிலை என்று இவ்வழக்கிற்குப் பொருள் விரிப்பது பொருந்தும். வரி நீங்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் ‘இறையிலி’ என்று வழங்கும்.

வடமொழி வழிவந்த ‘வாக்கு’ என்னும் சொல்லோ இக்காலத் தமிழில் ஓர் அரிய இருமையைப் பெற்றுள்ளது. சொன்ன சொல் என்னும் பொருளில் அஃது உறுதிமொழியையும், தேர்தல் என்னும் சூழலில் மக்கள் அளிக்கும் ஒப்புதலையும் குறிக்கின்றது. வேட்பாளர் வாக்களிக்கின்றார், வாக்காளரும் வாக்களிக்கின்றார். முன்னவர் அளிப்பது நாளை நிறைவேற வேண்டிய சொல். பின்னவர் அளிப்பதோ இன்றே நிறைவேறிவிடும் செயல். ஒருவர் கையிலுள்ளது உடனே பயன்தர, மற்றவர் கையிலுள்ளது காலத்தை நம்பியிருக்கும் இச்சமமின்மையிலிருந்தே வரிவிலக்கு உறுதிமொழியைப் பற்றிய அறச்சிக்கல் பிறக்கின்றது.

இலக்கியம் காட்டும் வரியறம்

வரியைப் பற்றிய சங்கப் பாடல்களுள் பெரிதும் எடுத்தாளப்படுவது, பாண்டியன் அறிவுடைநம்பியைப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184ஆம் பாடலாகும். சிறிய நிலத்தின் நெல்லையும் அறுத்துக் கவளமாக்கி அளித்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே தனித்து வயலுட் புகுந்தாலோ அதன் வாய் உண்பதைவிடக் கால் அழிப்பது மிகுதியாகும் என்பது அப்பாடலின் கருத்து. இதனை வரிக்கு எதிரான பாடலாகக் கொள்வார் உளர். அவ்வாறு கொள்வதற்குப் பாடலில் இடமில்லை. யானைக்கு உணவு வேண்டும் என்பதைப் புலவர் மறுக்கவில்லை. கொள்ளும் முறையை அறிந்து கொள்ளும்போது நாடும் அரசும் ஒருங்கே வளரும் என்பதே அவர் கூற்று.

வரிநீக்கத்தையே நேரடியாகப் பேசும் பாடல் புறநானூறு 35 ஆகும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடி, பழைய நிலவரிக் கடன் நீக்கம் பெற்றதாக அதன் துறைக்குறிப்பு கூறுகின்றது. போர்வெற்றியும் உழவின் விளைவே. மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் பழிப்பது காவலரையே. ஆதலின் உழுகுடியைக் காக்க வேண்டும் என்று அப்புலவர் எடுத்துரைக்கின்றார். இங்கு வரிநீக்கத்திற்குக் காரணமாக நிற்பது குடியின் இயலாமை. நீக்கப்பட்டது பழைய கடன். கேட்டவர் வெளிப்படையாக, அவையில், காரணம் காட்டிக் கேட்டார். அரசன் அதற்கு ஈடாகக் குடிகளிடமிருந்து ஏதும் பெற்றதாகப் பாடலில் குறிப்பில்லை.

வள்ளுவர் இவ்விரு நோக்குகளையும் அரசியல் இலக்கணமாக வகுத்துள்ளார். பொருள் வரும் வழிகளை ஆக்கல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல் ஆகியவற்றில் வல்லது அரசு என்பது இறைமாட்சி அதிகாரத்தின் (385) கருத்து. இவற்றுள் ஒன்றை மட்டும் தனித்தெடுத்துப் போற்றுவதற்கு இடமில்லை. ஈட்டலை நீக்கிவிட்டு வகுத்தலைப் பற்றிப் பேசுவது பொருளற்றது. வகுத்தலை மறந்து ஈட்டலில் மட்டும் முனைவதோ, கொடுங்கோன்மை அதிகாரம் (552) உணர்த்துமாறு, கோல் ஏந்தியவன் வேல் ஏந்திய வழிப்பறிக்காரனை ஒத்தவனாதலில் முடியும். மிகுவரியைக் கண்டித்த அதே நூல் வரியின்மையைப் போற்றவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கல்வெட்டுகள் காட்டும் நடைமுறை

இலக்கியம் அறத்தின் நெறியைக் கூற, கல்வெட்டுகள் அதன் நடைமுறையையும் அதிலிருந்து பிறழ்ந்த இடங்களையும் ஒருங்கே காட்டுகின்றன. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதற் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைப்பன. வாரியத்திற்கு உரியவர் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும் என 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். ஊர்ப்பொருளைக் கையாண்டவர் கணக்குக் காட்டுதல் இங்குத் தேர்தல் தகுதியாகவே வைக்கப்பட்டுள்ளது.

எனினும் இதனை இன்றைய மக்களாட்சியின் முன்வடிவம் எனப் புகழ்வது பொருந்தாது. இது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் ஆங்கு இடமில்லை. வரி செலுத்தும் உடைமையே பங்கேற்பின் அளவுகோலாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்து உள்ளாட்சி வாக்குரிமையும் சொத்து, வரி முதலிய தகுதிகளைச் சார்ந்தே நின்றது. அத்தளையை அறுத்தது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் வயதுவந்தோர் வாக்குரிமையே. வரி கொடுப்போர்க்கே பேச்சுரிமை என்னும் வாதம் இன்றும் நகரங்களில் அவ்வப்போது தலைதூக்குவதால் இவ்வரலாறு மறக்கத்தக்கதன்று.

இவ்வாய்வுக்கு இன்றியமையாத செய்தி இறையிலி பற்றியது. கோயிலுக்கோ பிறர்க்கோ உரிய நிலத்தை இறையிலியாக்கும்போது, சபையார் ஒரு தொகையை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்குரிய இறையைத் தாமே தொடர்ந்து இறுப்பதாக உடன்பட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காண்கிறோம். அத்தொகை இறைத்திரவியம், இறைகாவல் முதலிய பெயர்களால் சுட்டப்பட்டது. நிலம் இறையிலி ஆனதால் இறை மறைந்துவிடவில்லை. அதனை இறுப்பவர் மட்டுமே மாறினர். அவ்வாறு மாறியவர் இன்னார் என்பது கல்லிலே வெட்டப்பட்டது. அச்சுமை உழுகுடிகளின் தோளுக்கு மேலும் இறங்கியிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் விலக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுமையும் அதனைச் சுமப்பவரும் உண்டு என்னும் தெளிவு அவ்வாவணங்களில் இருந்தது.

சுமை அளவு கடந்தபோது குடிகள் எதிர்த்தமைக்கும் சான்று உண்டு. விசயநகர ஆட்சிக் காலத்தில், 1429ஆம் ஆண்டில், காவிரிக் கீழ்ப்பகுதியில் வலங்கையினரும் இடங்கையினரும் ஒன்றுகூடி, முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை எனவும், செலுத்தத்தக்கவை இவை எனவும் முடிவு செய்தமையைக் கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். தம்முள் வேறுபட்ட இரு பிரிவினரும் வரியை முன்னிட்டு ஒன்றுபட்டனர் என்பதும், ஒன்றுபட்டவர்கள் ‘எதுவும் கொடோம்’ என்னாது ‘இவ்வளவு கொடுப்போம்’ என்று வரையறுத்தனர் என்பதும் சுட்டத்தக்கவை.

இக்கால உள்ளாட்சியும் வரியும்

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசமைப்பு நிலையை அளித்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் ஆகியவை இவற்றின் வழி அமைந்தன. வரி விதிக்கும் அதிகாரமோ மாநிலச் சட்டமன்றம் சட்டத்தால் அளிக்கும் அளவுக்கே உள்ளாட்சிக்கு உண்டு. 2017 சூலை முதல் நாளில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது நகர நுழைவுவரியும் விளம்பரவரியும் மறைந்தன. அதன்பின் நகராட்சிகளின் சொந்த வரிகளுள் முதன்மையாக எஞ்சியது சொத்துவரியே. எஞ்சிய அவ்வொன்றுமே தேர்தல் களத்தில் விலைபேசப்படும் பொருளாயிற்று.

தில்லி: நிறைவேற்ற இயலாத வாக்கும் காட்டப்படாத கணக்கும்

2015 பிப்ரவரியில் தில்லிச் சட்டமன்றத்தின் 70 இடங்களுள் 67-ஐ ஆம் ஆத்மி கட்சி வென்றது. ஈராண்டு கழித்து, 2017 ஏப்ரலில் அங்கு மூன்று மாநகராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. குடியிருப்பு வீடுகளுக்கான வீட்டுவரியை அடியோடு நீக்குவதாக அக்கட்சி உறுதி கூறியது. 1957ஆம் ஆண்டுத் தில்லி மாநகராட்சிச் சட்டமோ சொத்துவரியை மாநகராட்சி விதித்தே தீரவேண்டிய வரிகளுள் ஒன்றாக வைத்துள்ளது. உறுதிமொழியை நிறைவேற்றும் அதிகாரம் மாமன்றத்திற்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். தேர்தல் நடைபெற்ற 270 வார்டுகளுள் 181-ஐ, அதற்கு முன்பே மாநகராட்சிகளை ஆண்டுவந்த பாரதிய ஜனதா கட்சி வென்றது.

இம்முடிவு வரிவிலக்கை மக்கள் மறுத்ததன் சான்று என்று கொள்வது மிகையாகும். தேர்தலில் பல காரணங்கள் ஒருங்கே தொழிற்படும். ஆனால் வரிவிலக்கு ஒன்றே வாக்கை ஈர்க்கப் போதுமானது என்னும் கருத்து இங்கு நிலைபெறவில்லை என்று துணிந்து கூறலாம். வென்ற கட்சியின் செயலும் அறநோக்கில் ஆராயத்தக்கதே. அக்கட்சி தன் பதவியிலிருந்த உறுப்பினர் எவர்க்கும் மீண்டும் வாய்ப்பளியாது புதியவர்களையே நிறுத்தியது. கணக்குக் காட்டவேண்டியவர் களத்திலிருந்து அகற்றப்பட்டமையால் கணக்குக் கேட்கும் வாய்ப்பும் வாக்காளரிடமிருந்து அகன்றது. உத்திரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதவரை விலக்கியது கணக்கை நிலைநாட்டுவதற்கு. இங்கு நிகழ்ந்த விலக்கலோ கணக்கு மறக்கப்படுவதற்கு வழிவகுத்தது.

இவ்விரு தரப்பின் வாதங்களிலும் மறைந்து நின்றவர் தூய்மைப் பணியாளர்கள். கிழக்குத் தில்லி மாநகராட்சி தன் பணியாளர்க்கு ஊதியம் வழங்க இயலாது தவித்தது. 2015 சூனிலும் 2017 சனவரியிலும் ஊதிய நிலுவை கேட்டுத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தெருக்களில் குப்பை மலையெனக் குவிந்தது. மாநில அரசும் மாநகராட்சியும் ஒன்றையொன்று குறைகூறின. இரண்டையும் ஆண்டவை எதிரெதிர்க் கட்சிகள். வேலைநிறுத்தம் ஓய்ந்த மூன்றே மாதங்களில் வந்த தேர்தலில் வீட்டுவரி நீக்கம் உறுதிமொழியாயிற்று. நீக்கப்படும் வரி எவருடைய ஊதியமாக இருந்தது என்னும் கேள்வி இங்குத் தவிர்க்க இயலாததாகின்றது.

மும்பை: காலம் பார்த்து நிறைவேறிய வாக்கு

2017 பிப்ரவரியில் நடைபெற்ற மும்பை மாநகராட்சித் தேர்தலில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்துவரி முழுவதையும் நீக்குவதாகச் சிவசேனை உறுதி கூறியது. நெடுநாள் கூட்டணி முறிந்து எதிரெதிர் நின்ற இரு கட்சிகளும் வளர்ந்தன. மொத்தம் 227 இடங்களுள் சிவசேனை 84 இடங்களையும் பாரதிய ஜனதா கட்சி 82 இடங்களையும் பெற்றன. 2012-இல் அவை முறையே 75, 31 இடங்களைப் பெற்றிருந்தன. 2019-இல் சொத்துவரியின் ஒரு கூறாகிய பொதுவரி மட்டும் நீக்கப்பட்டது. பிற கூறுகள் தொடர்ந்தன. முழு நீக்கம் அறிவிக்கப்பட்ட நாள் 2022 சனவரி முதல் நாள். மாமன்றத்தின் பதவிக்காலம் அவ்வாண்டு மார்ச்சில் முடிவதாக இருந்தது. விலக்குப் பெறுவன 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் என அறிவிக்கப்பட்டது.

சிறிய வீட்டினர்க்கு விலக்களித்தல் கொள்கையளவில் போற்றத்தக்கதே. வெள்ளைக்குடி நாகனார் கேட்டதும் இயலாதோர்க்கான நீக்கமே. ஆனால் இயலாமைதான் காரணம் எனின் அது 2017-இலும் இருந்தது, இடைப்பட்ட ஆண்டுகளிலும் இருந்தது. ஒரு தேர்தலில் சொல்லி அடுத்த தேர்தலின் வாயிலில் முழுமையாக்கப்படும் விலக்கு, குடியின் இயலாமையைவிடக் கட்சியின் தேவையையே நாளாகக் கொண்டுள்ளது. மேலும் வீட்டின் பரப்பு ஏழ்மையின் முழு அளவையும் ஆகாது. நகரின் விலையுயர்ந்த பகுதியிலுள்ள சிறு வீடும் தொலைவிலுள்ள சிறு வீடும் பரப்பால் ஒன்றே. வாடகைக்குக் குடியிருப்போரின் வாடகையில் வரியின் சுமை அடங்கியிருக்க, விலக்கின் பயன் உரிமையாளரைச் சேர்கின்றது. வாடகை குறையும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தமிழ்நாடு: பேசப்படாத வரியும் இடம் மாறிய கட்சிகளும்

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது வேறொரு வகை. சென்னையில் 1998-க்குப் பின் இருபது ஆண்டுகள் சொத்துவரி பொதுச்சீராய்வு செய்யப்படவில்லை. 2018 சூலையில் அப்போதைய அதிமுக அரசு வரியை உயர்த்தியது. எதிர்க்கட்சியாக இருந்த திமுக அதனை எதிர்த்துப் போராடியது. 2019 நவம்பரில், ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2021-இல் ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19-ஆம் நாள் நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 21 மாநகராட்சிகளையும் திமுக கூட்டணி வென்றது. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் 25 முதல் 150 விழுக்காடு வரையிலான சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. இம்முறை அதிமுக எதிர்த்துப் போராடியது.

உயர்த்தியவர் எதிர்ப்பவராகவும், எதிர்த்தவர் உயர்த்துபவராகவும் நான்கு ஆண்டுகளுக்குள் இடம் மாறினர். உயர்வுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் பதினைந்தாம் நிதி ஆணையத்தின் நிபந்தனையும் ஒன்று. நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமாயின் சொத்துவரியின் அடிமட்ட அளவை மாநிலம் அறிவிக்க வேண்டும் எனவும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வருவாய் உயர வேண்டும் எனவும் அவ்வாணையம் கூறியிருந்தது. இந்நிபந்தனை தேர்தலுக்கு முன்பே அறியப்பட்டதாகும். வாக்காளர் முன் வைக்கத்தக்க செய்தி வாக்குப்பதிவு முடியும்வரை பேசப்படாதிருந்தது. பொய்யான உறுதிமொழி எவ்வாறு வாக்காளரின் அறிவை மறைக்கின்றதோ அவ்வாறே தக்க நேரத்துப் பேசாமையும் மறைக்கின்றது.

இருபதாண்டு உயராதிருந்த வரியும் ஒருவகை விலக்கே. அதனை எவரும் அறிவிக்கவில்லை. அதன் சுமையை எவர் ஏற்றார் என்றும் எழுதி வைக்கவில்லை. ஈற்றில் அது ஒரே உயர்வாக இறங்கியபோது, கவளமாகக் கொள்ளத்தக்கதை வயலுட் புகுந்து கொண்டதுபோல் ஆயிற்று. பிசிராந்தையார் எச்சரித்த யானை மிகுபேராசையால் மட்டுமன்றி, நெடுநாள் தயக்கத்தாலும் வயலுக்குள் வரும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

ஆதரவு மாறுதல் அறப்பிழையா?

வரியை முன்னிட்டுக் கட்சி மாறி வாக்களிப்போரைத் தன்னலத்தினர் எனக் குறைகூறும் வழக்கம் கற்றோரிடையே உண்டு. இக்குறைகூறல் ஏற்கத்தக்கதன்று. கட்சிகளே நான்காண்டுகளில் தம் நிலையை மாற்றிக்கொள்ளும்போது வாக்காளர் மட்டும் மாறாதிருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகாது. 1429-இல் வலங்கையும் இடங்கையும் தம் பழைய பகையை விட்டு ஒன்றுகூடியதும் ஒரு மாற்றமே. கொள்வோரைக் கணக்குக் கேட்பதற்குக் குடிகளிடம் உள்ள கருவி அது.

வரியே செலுத்தாத ஏழையர் வரியைப் பற்றி வாக்களிப்பது எவ்வாறு தகும் என்பார் கூற்றும் நிற்காது. மும்பையில் நுழைவுவரி இருந்த காலத்தில் நகருக்குள் வந்த பொருள்களின் விலையில் அடங்கி அதனைச் சுமந்தவர்களுள் ஏழையரும் உண்டு. வாடகை வழியாகவும் அவர் செலுத்துகின்றனர். செலுத்தாதவராகவே ஒருவர் இருப்பினும், பொதுக்குழாய் ஒன்றையே நம்பி வாழும் அவர்க்கு உள்ளாட்சியின் வருவாயில் உள்ள பங்கு, தனிக்கிணறு உடையவர்க்கு இருப்பதினும் பெரிது. வரி குறைந்து பணி நலிந்தால் முதலில் துன்புறுபவரும் அவரே.

தேர்தல் உறுதிமொழி எதுவாயினும் அது கட்சியின் உரிமை என வாதிடுவாரும் உளர். 2013-இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையின் உறுதிமொழிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி முறைகேடான செயலாகா என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் இந்தியத் தேர்தல் ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகள், உறுதிமொழிக்கு வேண்டும் நிதி வரும் வழியையும் கட்சிகள் சுட்ட வேண்டும் என எதிர்பார்க்கின்றன. சட்டத்தின் அளவில் குற்றமன்று என்பதால் அறத்தின் அளவில் குற்றமின்று என ஆகாது. வாக்காளர்க்குப் பணம் கொடுப்பதற்கும் வரிவிலக்கு உறுதிமொழிக்கும் வேறுபாடு உண்டு என்பதும் ஏற்கத்தக்கதே. முன்னது மறைவில் தனியொருவர்க்குத் தரப்படுவது; பின்னது வெளிப்படையாகப் பலர்க்கும் சொல்லப்படுவது. ஆனால் வெளிப்படையாக நிற்பது அதன் ஒரு பாதியே. பெறுவோர் பெயர் உரக்கச் சொல்லப்பட, இழப்போர் பெயர் மறைக்கப்படுமாயின் அவ்வுறுதிமொழி பாதி வெளிச்சத்திலும் பாதி மறைவிலும் நிற்பதாகும்.

அளவைகள்

மேற்கண்டவற்றால் வரிவிலக்கு உறுதிமொழியின் அறநிலையை மூன்று கேள்விகளால் அளக்கலாம் எனத் தோன்றுகின்றது. முதலாவது, விலக்கு எவர்க்கு, எக்காரணத்தால் என்பது. இயலாமையே காரணமாயின் அது புறநானூற்று மரபின்பாற்படும். வாக்கே காரணமாயின் படாது. இரண்டாவது, விலக்கப்பட்ட இறையை எவர் இறுப்பர் என்பது. மாநில மானியமா, பிற வரியா, பணிக்குறைப்பா, பணியாளரின் ஊதிய நிலுவையா என்பதை உறுதிமொழி கூறுவோரே கூற வேண்டும். மூன்றாவது, எப்போது என்பது. விலக்காயினும் உயர்வாயினும் வாக்குப்பதிவுக்கு முன்னரே மக்கள் முன் வைக்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதே முதன்மையானது. அதற்கு விடை கூறும் கட்சி மற்ற இரண்டிற்கும் தானாகவே விடை கூற நேரும். சுமப்போரைப் பெயர் சொல்லிக் காட்டியபின் தகுதியற்றோர்க்கு விலக்களிப்பதும், நாளைக் கணக்கிட்டு அறிவிப்பதும் எளிதாக இரா. இக்கேள்வியைக் கேட்கும் கடமை வாக்காளர்க்கும் உண்டு. ‘எனக்கு எவ்வளவு குறையும்?’ என்பதோடு ‘எவர்க்கு எவ்வளவு கூடும்?’ என்பதையும் கேட்பவர், தம் நலத்தைத் துறக்காமலே பிறர் நலத்தையும் எண்ணுபவர் ஆவார்.

முடிவுரை

வரிவிலக்கு அறத்திற்கு மாறானதன்று. வரியை முன்னிட்டு ஆதரவை மாற்றிக்கொள்வதும் அறத்திற்கு மாறானதன்று. விலக்கின் சுமை எவர்மேல் விழுகின்றது என்பதை மறைத்தலே அறத்திற்கு மாறானது என்பது இவ்வாய்வின் முடிவாகும். தில்லியில் அச்சுமை ஊதியம் பெறாத தூய்மைப் பணியாளரைச் சுட்டியது. மும்பையில் அது பேசப்படவே இல்லை. தமிழ்நாட்டில் இருபதாண்டு ஒத்திவைக்கப்பட்டுப் பின் ஒருங்கே இறங்கியது. கொள்வோனுக்கும் கொள்பொருளுக்கும் ‘இறை’ என ஒரே பெயர் வழங்கிய மொழியில், கொள்ளாது விடுவதற்கும் பொறுப்பு உண்டு என்பதை ‘இறையிலி’ ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. ஊரார் பெற்ற தொகையையும் அவர் ஏற்ற சுமையையும் கல்லில் வெட்டிய காலத்தில் அனைவர்க்கும் வாக்கு இல்லை. அனைவர்க்கும் வாக்குள்ள இக்காலத்தில் அத்தகைய எழுத்து இல்லை. வருங்காலத் தேர்தல் அறிக்கைகளில் விலக்குப் பெறுவோர் பட்டியலை அடுத்து, அதனை இறுப்போர் பெயரும் ஒரு வரியாக இடம்பெறுமாயின் ‘வாக்கு’ என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.